சீர் வண்டி திரும்பவில்லை

கச்சிராயபாளையம்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கோகிலவாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஷில்லாங் குளிர் உன்னை அதிகம் படுத்தாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல சுகத்தோடு நீ இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசைப் பற்றி நீ கேட்பாயானால், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசுகிற காலத்தில் அப்பா ஏன் பேப்பரையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று உனக்குச் சிரிப்பு வரும். போனில் எனக்கு இது வராது அம்மா. ஞாயிற்றுக்கிழமை நீ பேசினபோது, அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள் பார், அது பொய். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். நீ பேசியது முழுவதும் கேட்டது. மலையில் குஞ்சம்மாள் என்று ஒரு பெண் பாம்பு கடித்து இறந்துபோனாள், வண்டி கிடைக்காமல் இறந்தாள், அடுத்த மாதம் டெல்லியில் நடக்கிற டாக்டர்கள் கூட்டத்தில் அவள் விஷயத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறேன், அந்த மலைக்கு இன்னொரு வண்டி வேண்டும் என்று கேட்கப் போகிறேன் என்றாய். சொல்லும்போது உன் குரல் உடைந்தது. எத்தனையோ சாவைப் பார்த்த டாக்டர் நீ, அன்றைக்கு உனக்குக் குரல் உடைந்தது. கோகிலா, அவளுக்கு வண்டி கிடைத்தது. அந்த வண்டியின் முன் சீட்டில் உன் அப்பன் உட்கார்ந்திருந்தான்.

எழுதிவிட்டேன். இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். முழுவதையும் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எழுத மனசு இருக்குமோ இருக்காதோ. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, உன் அம்மா அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, நீ வந்து வைக்க வேண்டுமாம். கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து கிழக்குக் கொல்லை முடிந்துவிட்டது, அணையோரக் கொல்லைதான் பாக்கி நிற்கிறது, அது ஏன் நிற்கிறது என்று பின்னால் சொல்கிறேன். உன் தம்பி இளஞ்செழியன் உளுந்தூர்பேட்டையில் ஓட்டலைப் பெரிசாக்கியிருக்கிறான், லாரிக்காரர்கள் வந்து நிற்க இடம் போதவில்லையாம், பையனுக்குத் தொந்தி விழுந்துவிட்டது, நீதான் அவனுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும், நான் சொன்னால் நீங்க கூடத்தான் என்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதி சாப்பிட்டு மீதியை ஒளித்து வைத்திருக்கிறாள், கேட்டால் சூடு என்கிறாள். நம்ம ஊரில் மலை இருக்க, இத்தனை தூரம் போய் வேறொரு மலையில் வேலை பார்க்கிறாயே என்று நான் உன்னைக் கேலி செய்வேன், ஞாபகம் இருக்கிறதா, அதற்கு நீ, ரெண்டு மலையிலும் ஒரே கேள்விதாம்ப்பா என்பாய். அந்தக் கேள்வியை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீ பாம்புக்கடி வகுப்பு எடுத்தபோது மைக்கில் கேட்டாய். மலையிலே கடிக்கிறதும் அதே பாம்புதான், கீழே கடிக்கிறதும் அதே பாம்புதான், போடுகிற ஊசியும் ஒன்றுதான், அப்புறம் ஏன் மலைக்காரர்களே அதிகம் சாகிறார்கள் என்று. எனக்குத் தெரிந்த மாதிரி நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வகுப்புக்குச் சுண்டல் போட்டது யார், மைக் செட் கொண்டுவந்தது யார், கடைசியில் நன்றி சொல்கிறேன் என்று எழுந்து மலை ஜனமும் நம்ம ஜனந்தான், அவங்க உசுரு வேற நம்ம உசுரு வேற இல்ல என்று பேசிக் கைதட்டு வாங்கியது யார், எல்லாம் நான்தான். ஜீப்பு ஓட்டுகிறவர்கள், பால் வண்டிக்காரர்கள், மளிகை வைத்திருப்பவர்கள், வாத்தியார்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாய். கடித்த இடத்தைக் கட்டாதே, கீறாதே, நடக்க விடாதே, ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே கீழே கொண்டு வா என்று. வண்டிக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லி மஞ்சள் ஸ்டிக்கர் கொடுத்தாய், பாம்புக்கடியா, என்னை நிறுத்து என்று பெரிய எழுத்தில் போட்டு. அதை முதலில் வாங்கி ஒட்டினவன் சின்னராசுதான், வெள்ளிமலைப் பக்கத்துப் பையன், பிக்கப் வைத்து ஓட்டுகிறானே அவன். நம்ம வீட்டுக்கு எது ஏற்ற இறக்க வேண்டும் என்றாலும் அவன் வண்டியைத்தான் கூப்பிடுவேன், அது உனக்குத் தெரியும். மாசி மாதத்தில் உன் அத்தை பாப்பாத்தி மகள் ஜீவாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். உன் அத்தையை மலைமேலே மளிகைக் கடைக்காரருக்குக் கொடுத்ததிலிருந்து அந்த வீட்டில் நடக்கிற முதல் விசேஷம், தாய்மாமன் நான், சீரைக் குறைவில்லாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வீம்பு. தட்டுத் தட்டாய்ப் பழம், இனிப்பு, பட்டுப்புடவை, மாலை, எல்லாவற்றையும் சின்னராசு வண்டியில் பின்னால் அடுக்கி, பங்காளி வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் தட்டு சாயாமல் பிடித்துக்கொண்டு உட்கார, முன்னால் நானும் அம்மாவும் ஏறிக் காலையிலேயே புறப்பட்டுவிட்டோம். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சீர் வாசலைத் தாண்டிவிட்டால் போய்ச் சேருகிற வரைக்கும் வண்டி முகம் திருப்பக் கூடாது. திரும்பினால் பெண்ணுக்கு வருகிற நல்லது பாதி வழியில் திரும்பிவிடும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். உன் சடங்குக்கு உன் மாமன் சீர் கொண்டுவந்தபோது தேங்காய்ப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டு, திரும்பாமல், பையை எடுத்துவர ஆளை சைக்கிளில் விரட்டினார்.

கோமுகி அணையைத் தாண்டி மலையேறி நாலைந்து வளைவு போயிருப்போம். ஒரு வளைவில் ரோட்டோரத்தில் போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி ரெண்டு பேர் தோளில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார்கள், கூட ஒரு கிழவி. எங்கள் வண்டிக் கண்ணாடியைப் பார்த்ததும் முன்னால் வந்தவன் ரோட்டு நடுவில் வந்து கையைத் தூக்கினான். சின்னராசு பிரேக் போட்டு இறங்கி ஓடினான். கையைத் தூக்கினவன் யார் என்று நினைக்கிறாய், நம்ம சின்னக்கண்ணு. வருஷா வருஷம் கரும்பு வெட்டுக்குப் பெண்டாட்டியோடு இறங்கி வந்து நம்ம கொல்லை மேட்டில் குடிசை போட்டுத் தங்குகிறானே, அவன்தான். தூளியில் இருந்தவள் அவன் பெண்டாட்டி, நீ பெயரை மட்டும் கேட்ட அந்தக் குஞ்சம்மாள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். நம்ம ஐயா வண்டிங்களா, நல்ல வேளைங்க ஐயா, காத்தால எழுந்ததுலருந்து வயித்து வலின்னுக்கினு இருந்தா, இப்ப கண்ணத் தெறக்க மாட்டேங்கறா, வாய் கொழறுதுங்க என்றான். சின்னராசு தூளியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, ஐயா, எமை தொங்குதுங்க, கடி வாயே தெரியல, கட்டுவிரியனா இருக்கும், கோகிலாம்மா சொன்னாங்களே, தூங்கறப்ப கடிச்சிட்டுப் பூடும்னு, கீழ எறங்கிடலாம் ஐயா, மேல ஆசுபத்திரியில ஊசி போட்டாலும் மூச்சுக்கு மெஷினு கீழதான் என்றான். நானும் அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன். தொங்கின இமையை நானும் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை கோகிலா.

நான் சொன்னேன், இது சீர் வண்டிடா, திரும்பக் கூடாது, பின்னால தட்டுக்கு நடுவுல படுக்க வைக்கவும் எடமில்ல, மேல போனா டவர் எடுக்கும், நூத்தியெட்டுக்கு நானே போன் போட்டு அனுப்பறேன், நீங்க இங்கியே நெழல்ல குந்துங்க என்று. அந்த வளைவில் போனுக்கு ஒரு கோடுகூட எடுக்காது. தட்டையெல்லாம் கீழ எறக்கி வச்சிட்டுப் போலாமே ஐயா என்று சின்னராசு கேட்டான். சீர்த் தட்டைத் தரையில வெப்பாங்களாடா, நீயெல்லாம் எந்த ஊரு என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்து, ஏங்க, பாவம்ங்க என்றாள். நீ சும்மா இரு என்றேன். பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டுகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், தாய்மாமன் முடிவு எடுத்தாயிற்று. சின்னக்கண்ணு என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. நின்றிருந்தால்கூட எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ. சரிங்க ஐயா என்றான். அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு, வண்டி போக வழி வேண்டுமே என்று தூளியை ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டான். சாகக் கிடக்கிற பெண்டாட்டியை, என் வண்டிக்கு வழிவிட, ஓரமாக நகர்த்திக்கொண்டான் அம்மா. சின்னராசு ஏறி உட்கார்ந்தும் வண்டியை எடுக்கவில்லை. எட்றா என்றேன். எடுத்தான்.

மேலே போனதும் சொன்னபடி நூற்றியெட்டுக்கு நானே போன் செய்தேன். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, கேட்டதும் புறப்பட்டார்கள், ஆனால் கீழேயிருந்து மலையேறித்தானே வர வேண்டும். நான் கடமை முடிந்தது என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, விசேஷ வீட்டில் போய், வழியில் ஒரு பாம்புக்கடி, நான்தான் ஆம்புலன்சுக்கு ஏற்பாடு பண்ணினேன், எம்பொண்ணு சொல்லிக் குடுத்தது வீண் போகல என்று நாலு பேரிடம் பெருமை அடித்தேன். மாலை போட்டுக்கொண்டு ஜீவா பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். சின்னராசு தட்டுகளை இறக்கினதும் கையைக்கூடக் கழுவாமல், சாப்பிடக் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல், காலி வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவன் அந்த வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே, அந்த நிழலில் வைத்தே, அவளுக்கு மூச்சு நின்று போயிருக்கிறது. வண்டிக்குள் ஏற்றி மூச்சுக் கொடுத்துக் கொடுத்துக் கள்ளக்குறிச்சி வரைக்கும் கொண்டுபோனார்கள். இதயம் துடித்தது, மெஷினில் போட்டார்கள், நினைவு திரும்பவே இல்லை. மறுநாள் நான் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வாயில் குழாயோடு கிடக்கிறவளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன் பார். சின்னக்கண்ணு எழுந்து நின்று பையை வாங்கிக்கொண்டு, ஐயா எதுக்குங்க இவ்ளோ தூரம் அலையறீங்க என்றான். வாரம் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

நம்ம பக்கத்தில் உன் பாம்புக்கடி ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் தம்பி அருள்மொழியை அங்கேதான் பார்த்தேன். உன் பெயரைச் சொல்லி என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல பையன், உன்னிடம் படித்தவன் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்து போகிறான். அவனே பேச்சுவாக்கில் சொன்னான், ஏன் லேட் ஆச்சுன்னு அவங்க வூட்டுக்காரரக் கேட்டேங்க ஐயா, வண்டி கெடைக்கலன்னு சொல்றாரு, மேடம் சொல்றது கரெக்டு, மலையில வண்டிதான் பிரச்சினை என்று. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. குஞ்சம்மாளை அடக்கம் செய்து காரியம் எல்லாம் முடிந்த பிறகு பஸ் ஏறிப் போய், பஸ் போகாத தூரம் நடந்து, சின்னக்கண்ணு வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் கட்டில் எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். அவன் உட்காரவில்லை. வண்டி கெடைக்கலன்னு ஏன்டா சொன்ன, நாந்தானே ஏத்தல என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், அத ஏன் ஐயா இப்ப கெளறிக்கினு, ஐயா பேர இழுத்து இன்னா ஆவப் போவுது, நாளைக்கு வெட்டுக்கு உங்ககிட்டதானுங்களே வரணும் என்றான். நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் தெரியுமா, என்மேல் இருக்கிற மரியாதையில், பழகின பாசத்தில் மறைத்திருக்கிறான் என்று. பாசம் இல்லை கோகிலா, பயம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், நான் கோபித்துக்கொள்வேனோ என்று பயப்படுகிறான். மலை ஜனமும் நம்ம ஜனந்தான் என்று மைக்கில் பேசினேனே, அந்த வாய்க்கு அவனிடம் வெட்டு வேலையைப் பற்றித்தான் பேச வந்தது. வெட்டு உனக்குத்தான், நீ உண்மையச் சொன்னாலும் உனக்குத்தான், நீ வர்ற வரைக்கும் அணையோரக் கொல்லை நிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரிங்க ஐயா என்றான். அதே சரிங்க ஐயாதான். அதனால்தான் அந்தக் கரும்பு நிற்கிறது.

அங்கிருந்து நேரே கள்ளக்குறிச்சிக்கு இறங்கி அருள்மொழியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நீ எழுதி வச்சிருக்கற காரணம் தப்பா இருக்கு, மாத்திக்கோ தம்பி என்றேன். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, உடுங்க ஐயா, ராத்திரி கடிச்சது காத்தாலதான் தெரிஞ்சிருக்கு, அப்பவே லேட்டுதான், நீங்க திரும்பியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, மேடத்துக்கு எதுக்கு இந்தச் சங்கடம் என்கிறான். மாற்ற மாட்டேன் என்கிறான். நீ சொல்லிக் கொடுத்த பிள்ளை, உன்மேல் இருக்கிற மதிப்பில், உன் அப்பனுக்காக உன்னிடமே மறைக்கிறான். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, எங்கியோ கண்காணாத ஊர்ல தனியா கெடக்கற புள்ள, தாங்க மாட்டா என்று அழுகிறாள். உன் அத்தை போன் செய்து, அண்ணே, நல்ல வேளை நீ வண்டியத் திருப்பல, ஜீவாவுக்கு அதுக்குள்ள ரெண்டு நல்ல எடத்துல கேக்கறாங்க என்கிறாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அதற்குள் என்ன இடம் என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஆளாளுக்கு எனக்கு ஒரு துணியைப் போர்த்துகிறார்கள். போர்த்தாதவன் சின்னராசு ஒருவன்தான். அவன் பிளேடால் சுரண்டிக் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரை எடுத்துவிட்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, நிறுத்துன்னு எழுதி ஒட்டிக்கினு, நிறுத்திட்டு, ஏத்தாம போறதுக்கு எழுதாமலே போலாங்க, பார்க்கறவங்களாவது வேற வண்டி தேடுவாங்க என்றான். இப்போது என் வேலைக்கு அவன் வருவதில்லை. கேட்டால் லோடு இருக்கிறது என்கிறான். நான் வற்புறுத்துவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. விசேஷம் முடிந்த மறுநாள் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. நாங்கள் இறங்கி நின்றிருக்கலாமே. ஆளுக்கொரு தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றிருந்தால் சீர் எங்கும் திரும்பியிருக்காது, நாங்கள் மலைமேல் பார்த்த முகம் பார்த்தபடியே நின்றிருப்போம், வண்டி மட்டும் இறங்கிப் போய்விட்டு வந்திருக்கும். இல்லையென்றால் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருப்போம். கொஞ்ச நேரம் தாமதமாகியிருக்கும், பாப்பாத்தி முகம் தூக்கியிருப்பாள், அவ்வளவுதான். வழக்கம் என்னைத் தடுக்கவே இல்லை கோகிலா. வழக்கத்தை மீறாமலே அவளை அனுப்பியிருக்கலாம். தூளியில் கிடந்தது குஞ்சம்மாளாக இல்லாமல் நம்ம பங்காளி வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால், இறங்கி நிற்கிற யோசனை எனக்கு அந்த நிமிஷமே வந்திருக்கும். மலைக்காரியாகப் போனதால் மறுநாள் வந்தது. நீ மைக்கில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான், தெரியாமல் தலையாட்டினவனுக்குத் தெரியவந்த பதில்.

அதனால் டெல்லிக் கூட்டத்துக்கு நீ போவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். மலைக்கு வண்டி கேட்காதே என்று சொல்லவில்லை, கேள், நன்றாக அழுத்திக் கேள், அங்கே வண்டி போதாதுதான். ஆனால் குஞ்சம்மாளைச் சொல்லிக் கேட்காதே, அவள் கதையைத் தனியாக, நடந்தது நடந்தபடியே சொல். நீ பத்து வண்டி வாங்கிக் கொடுத்தாலும் முன் சீட்டில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருந்தால் அந்த வண்டி என்னத்துக்கு ஆகும். இத்தனை வருஷம் ஊர் ஊராய் அலைந்து, கேட்டுக் கேட்டு, ஏன் ஏன் என்று ஒவ்வொரு சாவுக்கும் காரணம் சேர்க்கிறாய், அதில் உன் அப்பனுடைய காரணம் பொய்யாக இருந்தால் மற்றதெல்லாம் எதற்கு. இன்னும் ஒன்று கேட்க வேண்டும், நீ டாக்டர், உனக்குத் தெரியும். அந்த வளைவிலேயே வண்டி திரும்பியிருந்தால், கீழே இறங்குகிற வழியில் நூற்றியெட்டு எதிரே வந்து பாதி தூரத்திலேயே மாற்றியிருந்தால், அவள் பிழைத்திருப்பாளா. அருள்மொழி மாதிரி எனக்கு இதமாகச் சொல்லாதே. வார்டில் நோயாளி வீட்டுக்காரர்களைத் தனியே அழைத்து உள்ளதைச் சொல்வேன் என்பாயே, அப்படிச் சொல். பிழைத்திருப்பாள் என்றால் பிழைத்திருப்பாள் என்று எழுது. நான் தாங்கிக்கொள்வேன், தாங்காவிட்டாலும் எழுது.

நீ இதைப் படித்துவிட்டு என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆனால் அம்மாவோடு பேசாமல் இருந்துவிடாதே, அவள் அன்றைக்கு என் கையைப் பிடித்தாள். டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, வண்டி பிடித்து வா. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அம்மா எள்ளுப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், இளஞ்செழியன் அனுப்புவான், கூட வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் கொடு. ஆடியில் நீ வந்து மறுபடி வகுப்பு எடுக்கும்போது சின்னராசைக் கூப்பிட நீயே போக வேண்டும், நான் கூப்பிட்டால் வர மாட்டான். நீ நோய் நொடி இல்லாமல், செய்கிற வேலையில் பேர் எடுத்து, நீ கைவைத்த உயிரெல்லாம் பிழைத்து நல்லபடி வாழ வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, டெல்லிக்குப் போவதற்கு முன் பதில் எழுது. கூட்டத்தில் நோயாளிகள் பெயரை, அவர்கள் வீட்டுக்காரர்கள் பெயரைச் சொல்ல மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும், குஞ்சம்மாள் பெயரைச் சொல்ல வேண்டாம். ஆனால் வண்டியைத் திருப்பாதவனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விவசாயி என்றோ, ஊர்ப் பெரியவர் ஒருவர் என்றோ சொல்லிவிட்டுப் போகாதே. என் அப்பா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கந்தசாமி.